முதல் ஸ்மார்ட்போன்: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டன் போனை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்கள் பலர் இன்று டச் போனுக்கு மாற வேண்டிய நிலை வந்துவிட்டது. மின் கட்டணம், சிலிண்டர் பதிவு, ரயில் டிக்கெட், வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகம் என்று ஒவ்வொன்றாக அந்தத் திரைக்குள் போய்விட்டன. அப்படி மாறியவர்கள் சில மாதங்களில் சந்திக்கும் சிக்கல்களைக் கவனித்தால், கருவி கடினமாக இருப்பதைவிட, அது தொடங்கி வைக்கப்பட்ட விதமே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. போனை வேறு யாரோ அமைத்துக் கொடுத்துவிடுகிறார். அதற்குள் தன் பெயரில் என்ன இருக்கிறது என்பது அதைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரிவதில்லை. முதன்முறையாக ஆண்ட்ராய்டு போன் வாங்குபவர்களையும், பெற்றோருக்கு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கடையில் திறக்கப்படும் கூகுள் கணக்கு

புதிய போனை இயக்கியதும், தொடக்க நிலையிலேயே அது ஒரு கூகுள் கணக்கைக் கேட்கும். செல்போன் கடையில் கூட்டம் நிற்கும் நேரத்தில், டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டே கடைக்காரர் ஒரு கணக்கைத் திறந்து, தமக்குத் தோன்றிய கடவுச்சொல்லையும் ஏதோ ஒரு பிறந்த தேதியையும் போட்டு, வாட்ஸ்அப்பையும் நிறுவிக் கையில் கொடுத்துவிடுகிறார். அன்றைக்கு எல்லாம் சரியாக இயங்குவதால் யாரும் எதையும் கேட்பதில்லை. திரைப்பூட்டை மறந்துவிட்டு, போனை முழுவதுமாக அழித்துப் புதிதாகத் தொடங்கும் நாளில்தான் விளைவு தெரிகிறது. முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைச் சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்று போன் நிற்கும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் இருக்கும் இந்தப் பாதுகாப்பு, திருடியவருக்குப் போன் பயன்படாமல் போக வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. தன் கணக்கின் முகவரியையே அறியாத உரிமையாளரையும் அது திருடரைப் போலவே வெளியில் நிறுத்திவிடுகிறது.

இதைத் தவிர்க்க வேண்டுமானால், கணக்கைக் கடையில் திறக்காமல் வீட்டிற்கு வந்து, அவசரமில்லாத ஒரு நேரத்தில், உண்மையான பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்துத் திறக்க வேண்டும். ஏற்கெனவே கடையில் திறந்தாகிவிட்டது என்றாலும் கவலைப்பட வேண்டியதில்லை. போன் கையில் திறந்த நிலையில் இருக்கும்போதே செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதிக்குச் சென்று, எந்த முகவரியில் கணக்கு இருக்கிறது என்று பார்த்து, கடவுச்சொல்லை மாற்றி, மீட்புக்கான எண்ணாகத் தம்முடைய எண்ணையும், மீட்பு மின்னஞ்சலாக நம்பிக்கையான உறவினர் ஒருவரின் முகவரியையும் சேர்த்துவிடலாம். கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அறுபது வயதில் முதல் போன் வாங்குபவருக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்பதே என் கருத்து. வங்கியின் பின் எண்ணைத் தவிர மற்றவற்றைப் பீரோவுக்குள் இருக்கும் ஒரு நோட்டில் தெளிவாக எழுதி வைப்பது, மறந்துபோய்க் கணக்கையே இழப்பதைவிட எவ்வளவோ மேல்.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு தவறு, மகனோ மகளோ தம்முடைய கூகுள் கணக்கையே தாயின் போனிலும் போட்டுவிடுவது. வேலை எளிதாக முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் மகனின் அலுவலகத் தொடர்புகள் அனைத்தும் அம்மாவின் போன் புத்தகத்தில் வந்து நிரம்பும். அம்மா வேண்டாம் என்று அழிக்கும் ஒரு பெயர் மகனின் போனிலிருந்தும் மறையும். இருவரின் புகைப்படங்களும் ஒன்றாகக் கலக்கும். ஒருவருக்கு ஒரு கணக்கு என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அழுத்துவதும் தொடுவதும்

பல ஆண்டுகள் பட்டன்களை அழுத்திப் பழகிய விரல், கண்ணாடித் திரையையும் அதேபோல் அழுத்துகிறது. பயன்படுத்துபவருக்கு அது சாதாரணமான ஒரு தொடுதல்தான். போனுக்கோ அது நீண்ட அழுத்தமாகப் படுகிறது. நீண்ட அழுத்தத்திற்கு வேறு பொருள் உண்டு. முகப்புத் திரையில் வாட்ஸ்அப் சின்னத்தின்மேல் விரல் ஒரு நொடிக்கு மேல் நின்றால், அது திறப்பதற்குப் பதிலாக விரலோடு கிளம்பிவிடும். பதற்றத்தில் விரலை மேலே இழுத்தால், அங்கே நீக்கு என்ற இடத்தில் போய் விழுந்து மறைந்துவிடும். வாட்ஸ்அப் போய்விட்டது, படங்கள் எல்லாம் போய்விட்டன என்று பயந்து கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. உண்மையில் போனது முகப்பில் இருந்த குறுக்குவழி மட்டுமே. பெரும்பாலான போன்களில் திரையின் கீழிருந்து மேலே விரலை நகர்த்தினால் எல்லாச் செயலிகளும் வரிசையாகத் தெரியும். அங்கே அது அப்படியே இருக்கும். ஆனால் அழிக்கவா என்று போனே கேட்டுச் சரி என்று சொல்லியிருந்தால் மட்டும் செயலியே நீங்கியிருக்கும்.

நகத்தாலோ விரல் நுனியாலோ குத்தாமல், விரலின் சதைப்பகுதியால் மெல்லத் தொட்டு உடனே எடுப்பதை முதல் சில நாட்களுக்குப் பயிற்சியாகவே செய்ய வேண்டும். அழைப்பை எடுப்பதற்கும் இது பொருந்தும். மணி அடிக்கும்போது பச்சைச் சின்னத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தும் அழைப்பு இணையவில்லை என்றால், அந்தப் போனில் சின்னத்தை மேலேயோ பக்கவாட்டிலோ இழுக்க வேண்டும் என்று பொருள். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு போனில் அழைத்து, எடுக்கவும் வைக்கவும் பழக்கிவிட்டால் பாதி அச்சம் நீங்கிவிடும். அழைப்பைத் துண்டிக்கச் சிவப்புச் சின்னத்தைத் தேடித் தவிப்பவர்களுக்காக, பவர் பட்டனை அழுத்தினாலே அழைப்பு முடியும்படி அமைக்கும் வசதி பல போன்களில் அணுகல்தன்மை என்ற பகுதியில் இருக்கிறது.

எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், மொழியை மறந்துவிடுகிறார்கள். கற்றுக்கொடுக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் வசதி என்பதற்காகத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாயின் போனை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவது நியாயமில்லை. திரையில் வரும் எச்சரிக்கையைப் படிக்க முடியாதவர், எது வந்தாலும் சரி என்ற பொத்தானையே தொட்டுப் பழகிவிடுவார். பின்னால் வரும் பல ஆபத்துகளுக்கு அந்தப் பழக்கமே வாசல் திறந்துவிடுகிறது. கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, அதிலுள்ள மைக் சின்னத்தைக் காட்டிக்கொடுத்தால், தட்டச்சு தெரியாதவர்கள்கூடப் பேசியே செய்தி அனுப்பலாம்.

பெயர்களும் படங்களும் இருக்கும் இடம்

பழைய போனிலிருந்த எண்களைக் கடையில் சிம் கார்டில் ஏற்றிக் கொடுப்பார்கள். அதன்பின் சேர்க்கும் ஒவ்வொரு பெயரையும் எங்கே சேமிப்பது என்று போன் கேட்கும்போது, சாதனம் என்பதைத் தொட்டுவிட்டால் அந்த எண்கள் அந்தப் போனோடு கட்டுண்டுவிடும். போன் தண்ணீரில் விழுந்தால் எண்களும் போயின. கூகுள் கணக்கில் சேமித்தால், அடுத்த போனில் அதே கணக்கைப் போட்டதும் அனைத்தும் தாமாக வந்துவிடும்.

குறைந்த விலைப் போன்களில் மெமரி ஃபுல் என்பது நிச்சயமாக வரும் ஒரு நாள். 32 ஜிபி போன் என்றால் 32 ஜிபியும் நமக்குக் கிடைப்பதில்லை. இயங்குதளமும் உடன் வரும் செயலிகளும் அதில் கணிசமான பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதியைக் காலை வணக்கப் படங்களும், நாலைந்து குழுக்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரே வீடியோவும் நிரப்பிவிடும். வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பகம் பற்றிய பகுதிக்குச் சென்று, படங்களும் வீடியோக்களும் தாமாகப் பதிவிறங்குவதை நிறுத்திவிட்டால் இடமும் மிஞ்சும், நெட் பேக்கும் மிஞ்சும்.

இடத்தைக் காலியாக்கும்போது நேரும் ஒரு தவறு மட்டும் மிகவும் வேதனையானது. கூகுள் போட்டோஸில் காப்புப் பிரதி எடுக்கப்பட்ட படங்களை, அவைதான் கூகுளில் பத்திரமாக இருக்கின்றனவே என்று நம்பி, அந்தச் செயலியிலேயே ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள். அங்கே அழித்தால் போனிலிருந்தும் கூகுளிலிருந்தும் சேர்ந்தே அழியும். குப்பைத் தொட்டியில் சில வாரங்கள் மட்டும் இருந்துவிட்டு நிரந்தரமாக மறையும். போனில் உள்ள பிரதியை மட்டும் நீக்குவதற்கு அதே செயலியில் இடத்தைக் காலியாக்கும் தனி வசதி இருக்கிறது; அதையே பயன்படுத்த வேண்டும். போனை வேகமாக்குவதாகச் சொல்லும் கிளீனர், பூஸ்டர் செயலிகள் எதுவும் தேவையில்லை. அவற்றில் பெரும்பாலானவை விளம்பரங்களைக் காட்டுவதற்காகவே இருக்கின்றன.

புதிய பேட்டரியை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜில் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரிகளின் காலத்துப் பழக்கம். இன்றைய லித்தியம் பேட்டரிகளுக்கு அது வேண்டியதில்லை. அவற்றுக்குப் பகை வெப்பமே. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச்செல்வதும் கூடாது. பின்பக்கம் உப்பினால் அன்றே பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும்.

அனுமதி என்ற ஒரு சொல்

ஏதோ ஓர் இணையதளத்தில் ஜாதகம் பார்க்கவோ செய்தி படிக்கவோ போகும்போது, அறிவிப்புகளை அனுமதிக்கவா என்று ஒரு பெட்டி வரும். அது மறைந்தால் போதும் என்று அனுமதி என்பதைத் தொட்டுவிடுகிறோம். மறுநாள் முதல், உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது, உடனே சுத்தம் செய்யுங்கள் என்று மணிக்கொருமுறை எச்சரிக்கை வருகிறது. போனில் வைரஸ் ஏதும் இல்லை. நாம் அனுமதித்த அந்தத் தளம்தான் அதை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த எச்சரிக்கையைத் தொடாமல், இணையதளங்களைத் திறக்கும் குரோம் செயலியின் அமைப்புகளில் தளங்களின் அறிவிப்புகள் என்ற இடத்திற்குச் சென்று அந்தத் தளத்தின் அனுமதியை நீக்கினால் தீர்ந்துவிடும்.

இதைவிடப் பன்மடங்கு கொடியது, வாட்ஸ்அப்பில் கோப்பாக வரும் செயலி. போக்குவரத்து அபராதச் சலான், கல்யாணப் பத்திரிகை, வங்கியின் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்புப் படிவம், அரசு உதவித்தொகைப் பட்டியல் என்று ஏதாவது ஒரு பெயரில் அது வரும். பத்திரிகையோ படிவமோ என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் இருக்கும். பெயரின் கடைசியில் ஏபிகே (apk) என்று முடிந்தால் அது படிக்கும் தாள் கிடையாது, போனுக்குள் குடியேற வரும் ஒரு செயலி. அதைத் திறந்ததும், தெரியாத இடத்திலிருந்து வரும் செயலி ஆபத்தானது என்று போனே எச்சரிக்கும். அதையும் மீறி நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்க அது கேட்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓடிபி என்ற ஒருமுறைக் கடவு எண் நம் கண்ணில் படுவதற்கு முன்பே மோசடிக்காரரின் கைக்குப் போய்விடும். தெரிந்தவரின் எண்ணிலிருந்து வந்தது என்பது எந்த உத்தரவாதமும் ஆகாது. அவருடைய போனும் இதே வழியில் பிடிக்கப்பட்டு, அவர் அறியாமலே அனுப்பிக்கொண்டிருக்கலாம். செயலி வேண்டுமென்றால் ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டுமே நிறுவ வேண்டும். அங்கேயும், டார்ச் லைட் செயலி தொடர்புகளைக் கேட்டாலோ, கடன் தருவதாகச் சொல்லும் செயலி புகைப்படங்களைக் கேட்டாலோ மறுத்துவிட வேண்டும். அப்படி எடுத்த தொடர்புகளையும் படங்களையும் வைத்துக் கடன் வாங்கியவர்களை மிரட்டிய கொடுமைகள் நம் ஊரிலேயே நடந்திருக்கின்றன.

பணம்

போன் வழியே வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பும் யூபிஐ முறையைப் பயன்படுத்துவோர் ஒன்றை மட்டும் ஐயமறப் புரிந்துகொண்டால் பெரும்பாலான வலைகளிலிருந்து தப்பலாம். பின் எண் தேவைப்படுவது பணம் நம் கணக்கிலிருந்து போவதற்கும், இருப்பைப் பார்ப்பதற்கும்தான். பணம் நமக்கு வருவதற்குப் பின் எண்ணும் வேண்டாம், கியூஆர் ஸ்கேனும் வேண்டாம். பரிசு வந்திருக்கிறது, பழைய கட்டிலை வாங்கிக்கொள்கிறேன், பின்னைப் போட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று யார் சொன்னாலும் அது திருட்டே.

இன்றிரவு உங்கள் வீட்டு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள் என்ற குறுஞ்செய்தி பலரைப் பிடித்திருக்கிறது. அழைத்தால் மறுமுனையில் கனிவாகப் பேசி, எனி டெஸ்க் போன்ற திரையைப் பகிரும் செயலியை நிறுவச் செய்து, பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்வார்கள். அந்தப் பத்து ரூபாயைக் கட்டும்போது நாம் தட்டுவது அனைத்தும் அவர்களுக்குத் தெரியும். வீடியோ அழைப்பில் காவல் உடையில் தோன்றி, டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம் என்று மிரட்டுவதும் இப்போது நடக்கிறது. அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் எங்குமே இல்லை.

பணம் போய்விட்டால், வீட்டில் திட்டுவார்கள் என்று மறைப்பதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. மோசடிப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாக மாற்றப்படும். அது எடுக்கப்படுவதற்கு முன் புகார் சென்றால் இடையிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. அதற்காகவே 1930 என்ற உதவி எண் இருக்கிறது. அதோடு வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, நாம் புகார் செய்த நேரத்திற்குப் பின் நடக்கும் அனுமதியற்ற பரிமாற்றத்தின் இழப்பு வங்கியைச் சேரும் என்பதால், தெரிவித்த நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். இதற்காகவே, போன் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் முதல் நாளிலேயே, எது நடந்தாலும் கோபப்பட மாட்டேன், உடனே சொல்லுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லி வைக்க வேண்டும். சொன்னபடி நடந்தும் காட்ட வேண்டும்.

தொலைந்துபோனால்

போன் தொலைந்ததும் முதலில் அதற்கு அழைத்துப் பார்ப்போம். எடுக்கவில்லை என்றால் அடுத்து செய்ய வேண்டியது சிம் கார்டை முடக்குவது. திரைப்பூட்டு போனைத்தான் காக்கும், சிம்மைக் காக்காது. அதைக் கழற்றி இன்னொரு போனில் போட்டால் நம் ஓடிபிகள் அங்கே வரும். சிம்மை முடக்கிய பிறகு வங்கிக்குச் சொல்லிவிட்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தப் புகாரின் நகலைச் சேர்த்துப் பதிவு செய்தால், தொலைந்த போன் நம் நாட்டு நெட்வொர்க் எதிலும் இயங்காதபடி முடக்கலாம். கிடைத்துவிட்டால் அதே தளத்தில் முடக்கத்தை நீக்கவும் செய்யலாம். இதற்குப் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வேண்டும். போன் கையில் இருக்கும்போது, நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று டயல் செய்தால் அது திரையில் வரும். இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் இரண்டு எண்கள் வரும். இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். வாங்கிய பெட்டியிலும் அவை அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், பெட்டியையும் பில்லையும் எடைக்குப் போட்டுவிடாமல், கூகுள் கடவுச்சொல் எழுதிய நோட்டோடு சேர்த்து வைப்பது நல்லது.