லிங்கிங் ரிங்ஸ்: மூன்று வளையத்தோடு தொடங்குங்கள்

லிங்கிங் ரிங்ஸ் என்பது முழு உலோக வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்வது போலவும் கழல்வது போலவும் காட்டுகிற மேஜிக் வித்தை. அதற்கான செட்டை வாங்கியதும் எட்டு வளையத்தையும் அள்ளிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நிற்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். எட்டில் ஐந்தை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். மூன்று போதும். ஆறு நிமிட நிகழ்ச்சி ஒன்றை இந்த மூன்றை வைத்தே முழுசாகச் செய்யலாம். பார்க்கிறவர்களுக்கும் எந்த வளையம் எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரியும்.

எந்த மூன்று? வழக்கமான எட்டு வளைய செட்டில் இரண்டு தனி வளையங்கள், ஏற்கெனவே கோத்த ஒரு ஜோடி, மூன்று வளையம் கோத்த ஒரு சங்கிலி, அப்புறம் ஓரிடத்தில் வெட்டு உள்ள ஒரு வளையம் இருக்கும். இந்தக் கடைசி வளையத்தைத்தான் வித்தைக்காரர்கள் கீ ரிங் என்பார்கள். சாவி மாட்டுகிற கீ ரிங்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த வெட்டின் அகலம் வளையக் கம்பியின் தடிமனைவிடக் கொஞ்சம்தான் அதிகம், அதன் வழியாகத்தான் எல்லாம் உள்ளே போய் வெளியே வருகிறது. ஜோடியையும் சங்கிலியையும் ஒதுக்கிவிட்டு இரண்டு தனி வளையங்களையும் கீ ரிங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரகசியத்தை இப்படிப் போட்டு உடைக்கலாமா என்று நினைக்க வேண்டாம். 1876-இல் லண்டனில் வெளியான பேராசிரியர் ஹாஃப்மனின் மேஜிக் புத்தகத்திலேயே இது அச்சாகிவிட்டது. அதற்குப் பிறகும் இந்த வித்தை மேடையில் நிற்கிறது என்றால், அதற்குக் காரணம் அந்த வெட்டு இல்லை, அதை மூடியிருக்கிற கட்டைவிரல்தான். இந்தப் பதிவு முழுக்க அந்தக் கட்டைவிரலைப் பற்றித்தான்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. உள்ளங்கையளவு நாலங்குல வளையம் முதல் மேடைக்கான பன்னிரண்டங்குலம் வரை கிடைக்கும். முதல்முறை என்றால் எட்டங்குலம் அல்லது பத்தங்குலம் வாங்குங்கள். சின்ன வளையத்தில் விரல் மறைப்பு சுலபம் என்றாலும் நாலு வரிசை தாண்டினால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டங்குலம் பழகாத மணிக்கட்டைச் சீக்கிரம் சோர வைத்துவிடும்.

முதலில் பிடி

கீ ரிங்கை இடது கையில், வெட்டு உச்சியில் வரும்படி தொங்கவிடுங்கள். வளையத்தின் தட்டையான முகம் பார்வையாளரைப் பார்க்கட்டும். நான்கு விரல்களும் அவர்கள் பக்கம், கட்டைவிரல் உங்கள் பக்கம். கட்டைவிரலின் சதைப்பகுதி வெட்டின்மேல் லேசாகப் படிந்திருக்க வேண்டும்.

லேசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். புதிதாகப் பழகுகிற எல்லோரும் வெட்டை இறுக்கி அமுக்குவார்கள். நகம் வெளுத்துப் போகும், மணிக்கட்டு விறைக்கும், முழங்கை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பார்க்கிறவருக்கு ரகசியம் தெரியாது, ஆனால் அந்தக் கையில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். பையில் காய்கறி தூக்கிவரும்போது கை எப்படி இருக்குமோ அப்படி இருக்கட்டும். முதல் மூன்று நாள் எதையும் கோக்கவே வேண்டாம். கீ ரிங்கைப் பிடித்தபடி வீட்டில் நடங்கள், போன் பேசுங்கள், வலது கையால் கதவைத் திறங்கள். கை அதை மறக்கும்வரை பிடியுங்கள்.

மெதுவான கோப்பு

வலது கையில் ஒரு தனி வளையத்தை எடுங்கள். அதன் இடப்பக்க விளிம்பை வெட்டுக்கு மேல், உங்கள் கட்டைவிரலுக்கும் கீ ரிங்குக்கும் நடுவில் கொண்டுவாருங்கள். இரண்டு விளிம்பும் கூட்டல் குறி போலக் குறுக்கே சந்திக்க வேண்டும். சாய்வாக வந்தால் சிக்கும், சிக்கினால் தள்ளத் தோன்றும், தள்ளினால் கை குலுங்கும். நேராகக் குறுக்கே வைத்துவிட்டால் கட்டைவிரலை ஒரு நூலளவு உருட்டினாலே போதும், வளையம் தன் எடையிலேயே நழுவி உள்ளே இறங்கும்.

இறங்கியதும் கீழே போட்டுவிடாதீர்கள். கீ ரிங்கின் வலப்பக்க விளிம்போடு மெல்ல வழியவிட்டு, அடியில் தொங்கும்வரை வலது கையாலேயே கூட்டிக்கொண்டு போங்கள். உண்மையில் கோப்பு நடந்தது உச்சியில். பார்க்கிறவர்கள் அதை உணர்வது வளையம் அடியில் தொங்கும்போது. இந்த இரண்டு விநாடி இடைவெளிதான் வித்தை. அவசரத்தில் அதைச் சுருக்கிவிடாதீர்கள்.

கழற்றுவது இதையே பின்னோக்கிச் செய்வது. தொங்கும் வளையத்தை வலப்பக்க விளிம்பு வழியாக உச்சிக்கு ஏற்றி, இரண்டையும் ஒன்றோடொன்று தேய்ப்பது போல வைத்து, மேல்நோக்கி வெட்டு வழியே எடுங்கள். இழுக்கக் கூடாது. பிரிந்த பிறகும் அரை விநாடி இரண்டும் தொட்டபடியே இருக்கட்டும், அப்புறம் விலக்குங்கள்.

தட்டிக் கோப்பது

இது சத்தத்தின் வேலை. தனி வளையத்தால் கீ ரிங்கின் உச்சியில், வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, இன்னொரு தட்டு. இரண்டும் வெறும் தட்டுகள். மூன்றாவது தட்டில் வளையம் வெட்டுக்குள் இறங்கி அடியில் தொங்கும். மூன்று தட்டுக்கும் கை வீச்சு ஒரே அளவில் இருக்க வேண்டும். மூன்றாவதற்கு மட்டும் நிதானித்தால் அங்கேதான் ஏதோ நடக்கிறது என்று காட்டிக்கொடுப்பது போலாகும்.

இன்னொன்று, கீ ரிங்கை விரல் நுனியில் தொங்கவிட்டு ஒருபோதும் தட்டாதீர்கள். வெட்டு இருப்பதால் அதன் ஒலி முழு வளையத்தின் கணீர் ஒலியிலிருந்து வேறுபடும். தட்டிப் பாருங்கள், உங்கள் காதுக்கே தெரியும். கைப்பிடிக்குள் இருக்கும்போது இந்த வித்தியாசம் அடங்கிவிடும்.

இனி நிகழ்ச்சி

மூன்றையும் சேர்த்து இடது கையில் பிடித்தபடி வாருங்கள். கீ ரிங் உள்பக்கம் இருக்கட்டும். தனி வளையங்கள் இரண்டையும் இரண்டு பேரிடம் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள், வளைக்கச் சொல்லுங்கள். அவர்கள் சோதிக்கும்போது நீங்களும் அவர்கள் கையையே பாருங்கள். உங்கள் கண் போகிற இடத்துக்குத்தான் கூட்டத்தின் கண்ணும் போகும்.

முதலாமவரிடமிருந்து வளையத்தை வாங்கி, மூன்று தட்டில் கோத்து விடுங்கள். அடியில் தொங்கும் வளையத்தைச் சுழற்றிக் காட்டுங்கள், அவரையே ஒருமுறை தொட்டு ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மெதுவாகக் கழற்றி, அந்த நொடியே அவர் கையில் திருப்பிக் கொடுங்கள். எனக்கு இந்த நிகழ்ச்சி முழுவதிலும் பிடித்த இடம் இதுதான். சந்தேகம் உச்சத்தில் இருக்கும்போது வளையம் அவர் கையிலேயே இருக்கிறது. அவர் விளிம்பைத் தடவித் தடவிப் பார்ப்பார், கூட்டம் அவர் முகத்தைப் பார்க்கும். பேசாதீர்கள். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருங்கள்.

அடுத்து இரண்டாமவரின் வளையம், இந்தமுறை சத்தமே இல்லாமல், மெதுவான கோப்பு. அது கீழே தொங்கும்போது முதல் வளையத்தையும் கேட்டு வாங்குங்கள். அதைக் கீ ரிங்கின் உச்சியோடு சேர்த்து, உங்கள் கைப்பிடியிலிருந்து மேல்நோக்கி நிற்கும்படி பிடியுங்கள். மேலே ஒன்று, நடுவில் கீ ரிங், கீழே ஒன்று என்று மூன்று வளையச் சங்கிலியாகத் தெரியும். மேல் வளையம் கோத்திருக்கவே இல்லை, இரண்டு விளிம்பும் குறுக்கே கடக்கும் இடம் உங்கள் கைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். கையை உயர்த்தி ஐந்து விநாடி அசையாமல் நில்லுங்கள். மேல் வளையத்தை எடுத்து முதலாமவரிடம் கொடுங்கள், கீழ் வளையத்தைக் கழற்றி இரண்டாமவரிடம் கொடுங்கள், கீ ரிங்கை சாதாரணமாகப் பைக்குள் வையுங்கள். முடிந்தது.

வேகமாகச் செய்தால் பிடிபடாது என்று நினைப்பவர்கள் நெதர்லாந்தின் ரிச்சர்ட் ராஸைப் பார்க்க வேண்டும். 1970-இலும் 1973-இலும் ஃபிஸம் என்ற மேஜிக் உலகப் போட்டியில் உச்சப் பரிசான கிராண்ட் பிரி வென்றவர் அவர். இசைக்கு ஏற்ப, நீருக்குள் நடப்பது போன்ற நிதானத்தில் அவர் கையில் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரையும்.

கேட்டுவிட்டால்

ஒரு பள்ளி விழாவில் முன்வரிசைப் பையன் ஒருவன் என் இடது கையைக் காட்டி, "அண்ணா, அந்த வளையத்தைக் குடுங்க" என்றான். நான் சட்டென்று கையைப் பின்னால் இழுத்தேன். வேறெதுவும் நடக்கவில்லை, ஆனால் அந்த ஓர் இழுப்பில் அரங்கத்துக்கே விஷயம் புரிந்துவிட்டது. இன்றைக்கு யாராவது கேட்டால், "தாராளமா" என்று சொல்லிக்கொண்டே மூன்றையும் இடது கையில் சேர்க்கிறேன், அதே ஓட்டத்தில் மேலே இருக்கும் தனி வளையத்தை நீட்டுகிறேன். கேட்டவர் எந்த வளையம் என்று கணக்கு வைத்திருப்பதில்லை. மறுப்பைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இந்தச் சேர்ப்பையும் கோப்பைப் போலவே தினமும் பழகுங்கள்.

பயிற்சி

மெத்தை பக்கத்தில் நின்று பழகுங்கள். வளையம் விழத்தான் செய்யும், மெத்தையில் விழுந்தால் பூச்சும் உரியாது, கீழ் வீட்டுக்காரருக்கும் தொந்தரவு இல்லை. நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் ஒருநாள்கூட விடாமல். கண்ணாடி முதல் வாரத்துக்கு மட்டும். அதற்கு மேல் கண்ணாடி கெடுதல், ஏனென்றால் உங்கள் கண் உங்கள் கையிலேயே ஒட்டிக்கொள்ளும். போனை நெஞ்சு உயரத்தில் வைத்துப் படம்பிடியுங்கள், பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வெட்டு கடக்கும் நொடியில் நீங்கள் கண் சிமிட்டுகிறீர்களா, மூச்சைப் பிடிக்கிறீர்களா என்று கவனியுங்கள். பெரும்பாலும் இருக்கும். முடிந்ததும் வியர்வை போக உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள், வெட்டின் முனைகளை மறக்காமல்.

பிறகு வீட்டில் ஒருவரை எதிரில் உட்கார வைத்து, இன்றைக்கு மதியம் என்ன சமையல் என்பது மாதிரி ஏதாவது பேசிக்கொண்டே கோத்துக் கழற்றுங்கள். கண் அவர் முகத்தில் இருக்கட்டும். பேச்சு எங்கும் தடுமாறாமல் வந்துவிட்டது என்றால், அலமாரியில் வைத்த ஐந்தையும் வெளியே எடுக்கலாம்.