குலா மலாக்கா விப்டு கிரீம்: நம் ஊர் வெக்கையில் நுரை கலையாமல் அடிப்பது எப்படி?

சிங்கப்பூரில் பிற்பகல் வெப்பநிலை பெரும்பாலும் 31, 32 பாகை செல்சியஸைத் தொடுவதால், குளிர்நாட்டுச் செய்முறைகளில் ஒரே வரியில் முடிந்துவிடும், கிரீமை நுரைக்க அடிக்கும் இந்த வேலை, குளிர்சாதனம் இல்லாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் எளிதில் கைகூடுவதில்லை. நான் முதன்முறை அடித்த கிரீம், இருபது நிமிடம் கழித்தும் மோர் போலவே இருந்தது. கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று பாதி ஒட்டிக்கொண்டு காற்றுக் குமிழ்களைச் சுற்றிச் சுவர் எழுப்புவதால்தான் நுரை நிற்கிறது. கொழுப்பு இளகிவிட்டால் அந்தச் சுவர் எழும்புவதே இல்லை.

ஆகவே முதல் வேலை, சரியான கிரீமை வாங்குவது. பெட்டியின் பின்புறத்தில் கொழுப்பு 35 விழுக்காடு அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். குக்கிங் கிரீம் குருமாவுக்கு ஆகும், நுரைக்கு ஆகாது. தாவர எண்ணெயில் செய்த கிரீம் வெக்கையைத் தாங்கும் என்றாலும், நாக்கில் மெழுகுபோல் ஒட்டுவதால் எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்து, பாகு. குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லத்தில் 60 கிராமைச் சீவி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரும் மணத்துக்கு முடிச்சிட்ட ஒரு பாண்டான் (ரம்பை) இலையும் சேர்த்து, தேன் பதத்துக்குக் காய்ச்சி வடிகட்டுங்கள். அது முழுவதும் ஆறி, குளிர்பெட்டியில் சில்லிட வேண்டும். இளஞ்சூடாக ஊற்றினாலும் அதுவரை பட்ட பாடு வீண்.

எவர்சில்வர் பாத்திரத்தையும் அடிக்கும் கம்பிகளையும் உறைபெட்டியில் 15 நிமிடம் வைத்தெடுத்து, 200 மில்லி கிரீமைக் குளிர்பெட்டியிலிருந்து நேராக அதில் ஊற்றி, மின்கலப்பியை நடுத்தர வேகத்தில் ஓட்டுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், கிரீமைப் பாருங்கள்: முதலில் பெரிய குமிழ்கள் வரும், பிறகு அவை சிறுத்து மறையும், அதன்பின் கம்பி போன தடம் கோலமாகப் பதிந்து நிற்கும். கம்பியைத் தூக்கும்போது நுனி எழுந்து மெல்லத் தலைகவிழ்ந்தால், பாகைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுனி நிமிர்ந்து நிற்கும்வரை மட்டும் அடியுங்கள்.

பாகுக்குப் பதிலாக இரண்டு மேசைக்கரண்டி ஐசிங் சீனியும் கால் தேக்கரண்டி ஏலக்காய்த் தூளும் போடலாம். ஐசிங் சீனியில் பொதுவாகச் சோளமாவு கலந்திருப்பதால் நுரை சற்றுக் கூடுதல் நேரம் தாங்கும். கோப்பி மணம் வேண்டுமானால், ஒரு தேக்கரண்டி உடனடிக் காப்பித் தூளை அதே அளவு வெந்நீரில் கரைத்து, ஆறவைத்துச் சேர்க்கவும். எலுமிச்சைச் சாற்றைத் தவிர்த்துத் தோலை மட்டும் சீவிப் போடுங்கள், ஏனெனில் புளிப்பு கூடினால் கிரீம் திரிந்துவிடும்.

கடற்பாசி (அகர் அகர்) இனிப்புக்கும் கேக்குக்கும் இந்தக் கெட்டிப் பதம் பொருந்தும். சூடான மிலோவுக்கோ காப்பிக்கோ தலைகவிழும் பதத்துக்கும் முன்பே நிறுத்தி, கரண்டியின் முதுகில் வழியவிட்டு ஊற்றினால், கிரீம் ஏடாக மிதக்கும்.

வெண்ணெய் திரள்வது பழமொழியில் நல்ல செய்தி, இங்கே அல்ல. கிரீம் பளபளப்பு இழந்து மணல் மணலாகத் தெரிந்தால், கலப்பியை நிறுத்திவிட்டு, அடிக்காத குளிர்ந்த கிரீமில் இரண்டு கரண்டி ஊற்றிக் கையால் மெதுவாகக் கிளறுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அதையும் தாண்டி நீர் பிரிந்துவிட்டதென்றால், வெண்ணெயாகவே திரட்டி ரொட்டியில் தடவிக்கொள்ளுங்கள்.