பழைய பாப்பினிகா வண்டிகள்: முதல் வண்டியை வாங்கி, திறந்து, சுத்தம் செய்வது எப்படி

ஜப்பானிய அறிவியல் புனைவுத் தொடர்களில் வந்த வண்டிகளின் பொம்மைகளைச் சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஏலத் தளத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய வேலை. முதலில் தொடர், அடுத்து நிறுவனம், அப்புறம்தான் பொம்மை.

1. எங்கே தொடங்குவது

பாப்பி நிறுவனத்தில் தொடங்குங்கள். 1971-ல் ஜப்பானியப் பொம்மை நிறுவனமான பண்டாயின் துணை நிறுவனமாகப் பிறந்து, 1983-ல் பண்டாயோடு மறுபடி இணைந்துவிட்டது. அதன் ரோபோ வரிசை சோகோகின், வண்டி வரிசை பாப்பினிகா. இரண்டிலும் துத்தநாகக் கலப்பு உலோகம் உண்டு. கையில் எடுத்தால் அந்தக் கனமே தனி சுகம்.

ஜப்பானின் டோயெய் படநிறுவனம் 1978-ல் எடுத்த ஸ்பைடர்மேன் தொடரில் எல்லோரும் லெயோபார்டான் ரோபோவைத் துரத்துகிறார்கள். எனக்கு அதில் வரும் ஜிபி-7 கார்தான் பிடிக்கும்.

தொடர் வந்த ஆண்டும் பொம்மை வந்த ஆண்டும் ஒன்றல்ல. அல்ட்ரா செவன் 1967-68-ல் ஒளிபரப்பானது. அதில் வரும் பாய்ன்டர் காரின் பொம்மைகளோ பல பத்தாண்டுகளாக வந்துகொண்டே இருக்கின்றன. பெட்டியிலும் வண்டியின் அடியிலும் உள்ள நிறுவன முத்திரையைப் பார்த்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும்.

2. வாங்குவது

யாஹூ ஜப்பான் ஏலத்தில், நமக்காக வாங்கி அனுப்பும் இடைத்தரகுச் சேவை வழியாக வாங்கலாம். டோக்கியோ போகிறவர்களுக்கு நகானோ பிராட்வே வணிக வளாகத்தில் பழைய பொம்மைகள் விற்கும் மன்தராகே கடைகள் இருக்கின்றன. ஏலம் கேட்கும் முன் அனுப்பும் செலவையும் சுங்கத்தையும் கூட்டிப் பாருங்கள்.

படத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஏவுகணை போன்ற சிறு பாகங்கள் இருக்கின்றனவா? மின்கல அறை திறந்து காட்டப்பட்டிருக்கிறதா? உலோக விளிம்புகளில் மயிரிழை விரிசலோ வீக்கமோ தெரிகிறதா? மூன்றாவதுதான் முக்கியம். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் சிறிதளவு இருந்தாலும், ஈரப்பதத்தில் உலோகம் உள்ளுக்குள்ளேயே நொறுங்கத் தொடங்கும். அதற்கு வைத்தியம் கிடையாது. பெட்டி புத்தம் புதிதாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். காணாமல் போன ஏவுகணையைத் தேடிப் பிடிக்கலாம், வெடித்த உலோகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

3. திறப்பது

நான் அதிகம் தடுமாறிய இடம் இது. ஜப்பானியத் திருகுகள் பார்வைக்கு நம் ஊர் பிலிப்ஸ் திருகு போலவே இருக்கும். ஆனால் பள்ளத்தின் வடிவம் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில்துறைத் தரம்) வகையைச் சேர்ந்தது. பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக அமராது, பலம் கொடுத்தால் மேலே வழுக்கித் திருகின் தலையைத் தேய்த்துவிடும். தேய்ந்த பிறகு கழற்றுவது பெரும்பாடு. ஜேஐஎஸ் முனை ஒன்று வாங்குங்கள். நான் வெசல் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கருவியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. பொம்மையை மெத்தென்ற துணிமேல் கவிழ்த்து வைத்து, கருவியை நேர் செங்குத்தாக அழுத்திக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லை என்றால் ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெயை ஊசி முனையால் வைத்து, ஒரு இரவு விட்டுவிடுங்கள். எண்ணெய் பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றக் கழற்ற ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துள்ளி ஓடும், அது எங்கே உட்கார்ந்திருந்தது என்பது பின்னால் நினைவுக்கு வராது.

4. சுத்தம்

வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரச் சோப்பு, பஞ்சுக் குச்சி. அவ்வளவுதான். ஒட்டுப்படங்களை நனைக்க வேண்டாம். மின்கலம் கசிந்திருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆல்கலைன் கசிவு என்றால் பஞ்சில் கொஞ்சம் வினிகர், பழைய துத்தநாக-கார்பன் மின்கலம் என்றால் சமையல் சோடா கரைசல். பிறகு ஈரத்துணியால் துடைத்து முழுதாக உலரவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது: வெள்ளி முலாம் பூசிய பிளாஸ்டிக் பாகங்களை ஆல்கஹாலால் துடைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம், முலாம் உரிந்து வந்துவிடும்.

இன்னொருவர் டயர் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் உருகியதுபோல் குழிந்திருப்பதாக எழுதியிருந்தார். மென்மையான வினைல் டயரிலிருந்து கசியும் பொருள் பக்கத்துப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். அலமாரியில் வைக்கும்போது டயருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே பாலித்தீன் துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள்.