வாடகைக்குக் கட்டப் போகிறீர்களா? முதலில் காலி மாதத்தைக் கணக்குப் போடுங்கள்

முதலீட்டுக்காகக் கட்டிடம் கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இந்த மனையில் எத்தனை வீடு போடலாம்?" என்றுதான். "குடிவருகிறவர் எத்தனை வருடம் இருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள், வரைபடமே மாறிவிடும். பல வருடம் இருப்பவர் வீட்டைப் பார்த்துக்கொள்வார், வாடகையை நேரத்துக்குத் தருவார். தெருவில் நாலு பேரைத் தெரிந்து வைத்திருப்பார், குழாய் உடைந்தால் முதல் ஆளாகக் கூப்பிட்டுச் சொல்வார். உரிமையாளரின் லாபமும் அக்கம்பக்கத்தின் நன்மையும் இப்படிப்பட்ட ஆளிடம்தான் ஒன்று சேர்கின்றன. கீழே உள்ள படிகள் எல்லாம் அவரைத் தக்கவைத்துக்கொள்ளத்தான்.

படி 1: ஒரு மாதம் காலியாக இருந்தால் என்ன ஆகும்?

மாத வாடகையை 100 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 5 கூட்டிக் கேட்கிறீர்கள், இருந்தவர் கிளம்பிவிடுகிறார். அடுத்தவர் வர ஒரு மாதம் ஆகிறது. போன 100-ஐ மாதம் 5 வீதம் மீட்க 20 மாதம் வேண்டும். வெள்ளையடிப்பும் தரகும் தனி. அதற்குள் புதியவரும் கிளம்பினால், கூட்டியது கூட்டாததுதான்.

படி 2: முழுக் கணக்கு

இப்போது நாலு வீடுகளின் மொத்த வாடகை மாதம் 100 என்று கொள்ளுங்கள். வருடத்துக்கு 1,200. வரி, காப்பீடு, பழுது, பொது விளக்கு, தண்ணீர் என்று 35 சதவீதம், அதாவது 420 போகிறது என்று வைப்போம். மிச்சம் 780. கடன் தவணை வருடத்துக்கு 600. 780-ஐ 600-ஆல் வகுத்தால் 1.3. கடன் கொடுப்பவர்கள் பொதுவாக 1.2, 1.25 இருந்தாலே தலையாட்டிவிடுவார்கள், நமக்கும் நிம்மதியாகத்தான் தெரியும்.

ஆனால் செலவும் தவணையும் சேர்ந்தே 1,020 ஆகிறது. நாலில் ஒரு வீடு வருடம் முழுக்கக் காலி என்றால் வருவது 900. 120 துண்டு விழும். அதே பரப்பை ஆறு சிறிய வீடுகளாகப் பிரித்து, அதில் ஒன்று காலியாக இருந்தால் 1,000 வரும், துண்டு விழுவது 20தான். அதற்காக எல்லாவற்றையும் தீப்பெட்டியாக்கிவிடாதீர்கள். ஆறு சமையலறை, ஆறு குளியலறை என்று கட்டும் செலவு கூடும், ஆட்களும் அடிக்கடி மாறுவார்கள். சிறிதும் பெரிதும் கலந்து கட்டுவதுதான் என் விருப்பம். குடும்பம் பெருகினால் அதே கட்டிடத்தில் பெரிய வீட்டுக்கு மாறலாம், பிள்ளைகள் பள்ளி மாற வேண்டியதில்லை.

படி 3: தெருவில் நடங்கள்

காலையில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை, நல்ல மழையில் ஒரு முறை. மழை நாள்தான் முக்கியம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று படம் எடுத்து வையுங்கள். உங்கள் மனையை மண் கொட்டி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் மாயமாகாது, பக்கத்து வீட்டுக்குள் போகும். வடிகால் வழியையும் தண்ணீர் மண்ணில் இறங்குவதற்கான திறந்த இடத்தையும் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

வரைபடத்தை அனுமதிக்கு அனுப்பும் முன் அண்டை வீட்டாரிடம் காட்டுங்கள். "உங்கள் ஜன்னலுக்கு வெயில் மறையுமா?" என்று நீங்களே கேட்டுவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்தது. காகிதத்தில் ஜன்னலை நகர்த்த அழிப்பான் போதும். சுவர் எழும்பிய பிறகு என்றால் இடிக்க ஆள் வேண்டும்.

படி 4: வரைபடம்

ஆரம்பத்திலேயே பொறியாளரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: குளியலறைக்கு மேல் குளியலறை, சமையலறைக்கு மேல் சமையலறை. குழாய்கள் எல்லாம் ஒரே ஷாஃப்டில், அதாவது குழாய்களுக்கென்று மேலிருந்து கீழ்வரை விடும் ஒடுங்கிய இடத்தில், நேராக இறங்கும். கசிந்தால் ஷாஃப்டின் கதவைத் திறந்து பார்க்கலாம். இல்லாவிட்டால் மேல்வீட்டுக் குளியலறை கீழ்வீட்டுப் படுக்கையறைக் கூரையில் ஈரக் கறையாக வந்து நிற்கும், இரண்டு வீட்டாரும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

வாசலுக்குச் சாய்தளம் போட மனையில் நீளம் இருக்கிறதா என்று பாருங்கள். பரவலான அளவு 1-க்கு 12, அதாவது 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். தரைத்தளம் 45 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் மட்டும் 5.4 மீட்டர் ஓடும். கட்டி முடித்த பிறகு அந்த இடத்தைத் தேடினால் கிடைக்காது. சாய்தளம் இருந்தால் முதியவர்கள் தங்குவார்கள், தள்ளுவண்டிக் குழந்தையோடு வருபவர்களும் தங்குவார்கள்.

தரைத்தளத்தின் முகப்பு முழுவதையும் வண்டி நிறுத்த விட்டு, தெருவுக்கு இரும்புக் கதவை மட்டும் காட்டாதீர்கள். ஒரு சிறிய கடையோ, ஒரு வீட்டு ஜன்னலோ தெருவைப் பார்த்து இருந்தால் இரவில் அந்த வழி நடப்பவருக்குத் தைரியம்.

அப்புறம் மோட்டார். நான் முதல் கட்டிடத்தில் தண்ணீர் மோட்டாரைப் படுக்கையறைச் சுவரை ஒட்டி வைத்தேன். விடியற்காலை அது உறுமும்போதெல்லாம் சுவரே அதிரும். ஒரே வருடத்தில் அந்த வீட்டில் மூன்று குடித்தனம் மாறியது. கடைசியாகக் காலி செய்தவர்தான், சாவியைக் கையில் கொடுக்கும்போது, காரணத்தைச் சொன்னார். மோட்டாரைச் சுவரில் ஒட்டாமல் தனி மேடையில் ரப்பர் அடிப்பட்டையோடு வைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

படி 5: கையில் பணம் குறைவா?

வீட்டைச் சுருக்காதீர்கள், வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் செய்யுங்கள். சிலியின் இக்கிகே நகரில், கட்டிடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அராவேனாவின் எலமென்டல் குழு 2004-இல் கீன்தா மொன்ராய் குடியிருப்பைக் கட்டியபோது கையிலிருந்த மானியம் முழு வீட்டுக்குப் போதவில்லை. அடித்தளம், படிக்கட்டு, சமையலறை, குளியலறை என்று தனியாளால் சரியாகச் செய்ய முடியாத பாதியை மட்டும் கட்டி, பக்கத்தில் இடம் விட்டார்கள். மீதியைக் குடும்பங்களே பின்னால் கட்டிக்கொண்டன. அராவேனாவுக்கு 2016-இல் கட்டிடக் கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. வாடகைக் கட்டிடத்துக்கும் இது பொருந்தும்: அடித்தளத்தையும் தூண்களையும் மேல்தளத்துக்குச் சேர்த்தே வடிவமைத்து, இப்போதைக்குக் கீழ்த்தளத்தோடு நிறுத்துங்கள். எத்தனை தளம் வரும் என்பதைப் பொறியாளரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும்.

படி 6: வேலை நடக்கும்போது

கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளாவது ஈரமாக வைத்திருங்கள், அதன் பலத்தை 28-ஆம் நாளில்தான் அளப்பார்கள். டைல்ஸ் ஒட்டும் முன் குழாய்களில் அழுத்தம் கொடுத்துச் சோதியுங்கள். பூசும் முன் ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் அளவு நாடாவை வைத்து, படம் எடுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது வயர் எங்கே என்று ஜோசியம் பார்க்க வேண்டாம்.

கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் மூவரும் முடிந்தவரை அதே பகுதிக்காரர்களாக இருக்கட்டும். ஊருக்கு வேலை கிடைக்கும் என்பது ஒருபுறம். ஐந்து வருடம் கழித்து ராத்திரி குழாய் வெடித்தால் போட்டவரே நடந்து வந்துவிடுவார். சத்தம் போடும் வேலைக்கு நேரம் குறித்து, உங்கள் தொலைபேசி எண்ணோடு வாசலில் எழுதி மாட்டுங்கள்.

படி 7: குடிவைத்த பிறகு

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். வாடகை எப்போது, எவ்வளவு கூடும் என்பதும் அதில் இருக்கட்டும். வரும் வாடகையில் ஒரு பங்கைப் பழுது நிதியாகத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள், அதைத் தொடக் கூடாது. ஒரு நோட்டில் வீட்டுக்கொரு பக்கம், அதில் மூன்று பத்தி போதும்: புகார் வந்த தேதி, சரிசெய்த தேதி, செலவு. முதல் இரண்டுக்கும் இடைவெளி ஒரு வாரத்தைத் தாண்டிய வரிகளைச் சிவப்பு மையால் சுழித்து வையுங்கள். அடுத்த காலி அறிவிப்பு அநேகமாக அந்த வீட்டிலிருந்துதான் வரும்.