நம்ம துறை இல்லாத ரிசர்ச் பேப்பர படிக்கிறது எப்படி

படிச்சது ஒண்ணா இருக்கும், இப்ப தேவைப்படுறது வேற ஒண்ணா இருக்கும். கெமிஸ்ட்ரி முடிச்சவர் கல்வி ஆராய்ச்சி பேப்பர் படிக்க வேண்டி வரும், அக்ரி படிச்சவர் மார்க்கெட்டிங்ல தீசிஸ் எடுத்துட்டு பாதி வழில கோர்ட் தீர்ப்பெல்லாம் புரட்டிக்கிட்டு இருப்பார். அப்ப நாம என்ன பண்றோம்னா நம்ம துறைல எப்படி படிச்சுப் பழகினோமோ அதே கண்ணோட இதையும் படிக்கிறோம், சிக்கல் அங்கதான். ஒரு பேப்பர் எது மேல நிக்குதுங்கிறது துறைக்குத் துறை வேற. சயின்ஸ்ல அளந்த விதம், கணக்குல நிரூபணம், கல்வில யாரோட ஒப்பிட்டாங்கங்கிறது, சட்டத்துல அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோட இருக்காங்கிறது, விவசாய மார்க்கெட்டிங்ல எந்த இடத்து விலைய எடுத்தாங்கங்கிறது. இது தெரிஞ்சா 20 பக்க பேப்பர்ல எந்த 2 பக்கத்த உக்காந்து படிக்கணும்னு தெரிஞ்சிடும், மத்தத வேகமா ஓட்டிடலாம்.

முதல்ல தேடுறது பத்தி சுருக்கமா சொல்லிடறேன். கூகுள் ஸ்காலர்ல போய் நேரா உங்க கேள்விய டைப் பண்ணா குப்பையும் சேர்ந்து வரும், ஏன்னா நீங்க தேடுற வார்த்தை வேற அந்தத் துறைக்காரங்க எழுதுற வார்த்தை வேற. நீங்க வியாபாரி லாபம்னு தேடுவீங்க, அவங்க மார்க்கெட்டிங் மார்ஜின், ப்ரைஸ் ஸ்ப்ரெட்னு எழுதியிருப்பாங்க. அதனால முதல்ல ஒரே ஒரு ரிவ்யூ பேப்பர் (அந்தத் தலைப்புல வந்த ஆய்வுகளத் தொகுத்து எழுதினது) பிடிங்க, பழசா இருந்தாலும் பரவால்ல, அந்தத் துறையோட வார்த்தையெல்லாம் அதுல கிடைச்சிடும். அப்புறம் நல்ல பேப்பர் ஒண்ணு சிக்கிடுச்சுன்னா ரெண்டு பக்கமும் போங்க, அதோட ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல அதுக்கு முன்னாடி நடந்தது இருக்கும், ஸ்காலர்ல கீழ இருக்கிற சைட்டட் பை லிங்க்ல பின்னாடி யார் யார் அத எடுத்து என்ன சொன்னாங்கன்னு இருக்கும். நிறைய பேர் முதல் பாதியோட நிறுத்திடறாங்க, ரெண்டாவதுதான் முக்கியம், அந்த பேப்பர அடிச்சுப் போட்ட இன்னொரு பேப்பர் அங்கதான் உக்காந்திருக்கும்.

பேப்பர திறக்க காசு கேக்குதா, அதே தலைப்ப ஆதர் பேரோட திரும்பத் தேடுங்க, பல பேர் அவங்க சொந்தப் பக்கத்துலயே பிடிஎஃப் போட்டு வச்சிருப்பாங்க. கணக்கு, பிசிக்ஸ்னா ஆர்க்சிவ் (arXiv)ங்கிற இணையதளம் இருக்கு, 1991லேர்ந்து ஓடுது, ஃப்ரீதான். ஆனா அங்க ஏத்துறதுக்கு முன்னாடி பியர் ரிவ்யூ, அதாவது அதே துறை ஆளுங்க சரிபாக்கிறது, கிடையாது, ஜர்னல்ல வந்த வடிவம் இருக்கான்னு தனியா பாத்துக்கணும். இன்னொண்ணு, பேப்பர வாபஸ் வாங்கியிருந்தா ஜர்னலோட பக்கத்துல ரிட்ராக்டட்னு போட்டிருக்கும், ஆனா யாரோ ஃபார்வர்ட் பண்ண பழைய பிடிஎஃப்ல அது இருக்காது. சைட் பண்றதுக்கு, அதாவது மேற்கோளா காட்டுறதுக்கு, முன்னாடி ஒரு தடவ ஜர்னல் பக்கத்துக்கே போய் பாத்துடுங்க, 1 நிமிஷ வேலை.

கைல பேப்பர் வந்தாச்சு. அப்ஸ்ட்ராக்ட், அதாவது முன்னாடி இருக்கிற சுருக்கத்த படிங்க, ஆனா அத ஆதாரமா எடுத்துக்காதீங்க, அது விளம்பரம் மாதிரி, நல்லத மட்டும் சொல்லும். அடுத்து நேரா டேபிளுக்கும் படத்துக்கும் போங்க, கீழ இருக்கிற சின்ன எழுத்தோட சேத்து படிங்க. டேபிள்ல நீங்களா என்ன தெரிஞ்சுக்கிறீங்களோ அத ஒரு வரில எழுதி வச்சுட்டு அப்புறம் கன்குளூஷன பாருங்க. ரெண்டும் ஒத்துப்போகலன்னா ஒண்ணு உங்களுக்குப் புரியல இல்ல அவங்க கொஞ்சம் ஏத்தி சொல்றாங்க, எதுவா இருந்தாலும் எங்க நிக்கணும்னு தெரிஞ்சிடுச்சு.

சயின்ஸ் பேப்பர்னா மெத்தட்ஸ் பகுதி, அதாவது எப்படி செஞ்சாங்க, எப்படி அளந்தாங்கன்னு சொல்ற பகுதி. போர் அடிக்குதுன்னு தாண்டிப் போற பகுதிதான், ஆனா எல்லாம் அது மேலதான் நிக்குது. 2011ல ஓபராங்கிற இயற்பியல் ஆய்வுக் குழு, ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆய்வகத்துலேர்ந்து கிளம்பின நியூட்ரினோங்கிற நுண்துகள் சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலில கிரான் சாஸோ ஆய்வகத்துக்கு ஒளிய விட 60 நானோசெகண்டு முன்னாடி வந்துடுச்சுன்னு சொன்னாங்க, உலகமே பரபரத்துச்சு. அடுத்த வருஷம் பாத்தா ஒரு ஃபைபர் ஆப்டிக் கேபிள் சரியா சொருகல. தியரி படிச்சிருந்தா அது கண்ணுல படாது, நேரத்த எப்படி அளந்தாங்கங்கிற இடத்துலதான் படும். சரி நாம கேபிளெல்லாம் போய் பாக்க முடியாது, ஆனா பாக்கக்கூடியது சிலது இருக்கு. கிராஃப்ல மேலயும் கீழயும் கோடு இழுத்திருப்பாங்கல்ல எரர் பார்னு, அது ஸ்டாண்டர்ட் டீவியேஷனா (ஒவ்வொரு சாம்பிளும் சராசரிலேர்ந்து எவ்வளவு சிதறியிருக்குங்கிறது) ஸ்டாண்டர்ட் எரரா (அந்த சராசரியே எவ்வளவு தள்ளிப்போகலாம்ங்கிறது)ன்னு பாருங்க. 25 சாம்பிள் இருந்தா ஸ்டாண்டர்ட் எரர் டீவியேஷன்ல அஞ்சுல ஒரு பங்குதான், அதப் போட்டா கிராஃப் பாக்க சுத்தமா அழகா இருக்கும், உண்மையில ஒவ்வொரு சாம்பிளும் ஒரு பக்கம் ஓடிக்கிட்டு இருக்கும். அப்புறம் எத்தன டெஸ்ட் பண்ணாங்கன்னு எண்ணுங்க. ஒண்ணுமே இல்லாத விஷயத்துல 20 டெஸ்ட் போட்டாலும் 0.05 கணக்குப்படி (தற்செயலா வர வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழன்னா ஏத்துக்கிறது) சராசரியா 1 தானா சிக்னிஃபிகண்ட், அதாவது கண்டுகொள்ள வேண்டிய ரிசல்ட்னு வரும். அந்த 0.05 ஒண்ணும் வானத்துலேர்ந்து வந்ததில்ல, புள்ளியியல்காரர் ரொனால்ட் ஃபிஷர் 1925ல தன் புக்ல வசதியான எல்லைன்னு வச்சது, அப்படியே ஒட்டிக்கிச்சு.

கணக்கு பேப்பர் முழுக்க வேற உலகம், சாம்பிள் கிடையாது, சர்வே கிடையாது, எத்தன உதாரணம் காட்டினாலும் செல்லாது. ஒரு வெள்ளைத்தாள் எடுத்து n² + n + 41 போட்டு பாருங்க. n 0 போட்டா 41, 1 போட்டா 43, 2 போட்டா 47, அப்படியே 39 வரைக்கும் வர்ற 40 எண்ணும் பகா எண்தான். வேற துறையா இருந்தா 40க்கு 40 ரிசல்ட் வந்துடுச்சுன்னு பேப்பர் போட்டுடுவோம். 40 போடுங்க, 1681 வரும், அது 41 தடவ 41. முடிஞ்சுது கதை. அதனால கணக்கு பேப்பர்ல தேற்றம் எழுதின அந்த ரெண்டு வரியதான் முதல்ல படிக்கணும், அதுவும் "எனில்"னு வர்ற நிபந்தனை ஒவ்வொண்ணா. ஒரு நிபந்தனைய எடுத்துட்டா எங்க உடையுதுன்னு சின்ன உதாரணம் நீங்களே போட்டு பாருங்க, நிரூபணத்துல அந்த நிபந்தனைய எந்த வரில பயன்படுத்தினாங்கன்னு தேடுங்க. ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலமே போகும், அது சாதாரணம், உங்களுக்கு மூளை இல்லைன்னு அர்த்தம் இல்ல. கணித மேதை ஆண்ட்ரூ வைல்ஸ் 1993ல, பல நூறு வருஷமா தீராம இருந்த ஃபெர்மா கடைசித் தேற்றத்துக்கு நிரூபணம்னு அறிவிச்சதுலயே ஓட்டை இருந்துச்சு, ரிச்சர்ட் டெய்லரோட சேந்து அத அடைச்சு 1995லதான் பேப்பரா வந்துச்சு.

கல்வி ஆராய்ச்சில நான் முதல்ல தேடுறது ஒப்பிடுற குழு. புது முறைல பாடம் எடுத்தோம் மார்க் ஏறிடுச்சுன்னு இருக்கும், சரிப்பா, ஆனா பழைய முறைல எடுத்த பக்கத்து கிளாஸ்ல எவ்வளவு ஏறுச்சு? மூணு மாசம் கழிச்சு பரீட்சை வச்சா எப்படி எடுத்தாலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் ப்ளூம் 1984ல தனித்தனியா டியூட்டர் வச்சு சொல்லிக்குடுத்தா சாதாரண வகுப்ப விட ரெண்டு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் மேல போகுதுன்னு எழுதினார், இன்னிக்கு வரைக்கும் ஆன்லைன் கிளாஸ் விக்கிறவங்க எல்லாரும் அதத்தான் காட்டுறாங்க. 2011ல கர்ட் வான்லென் பல ஆய்வுகள சேத்துப் பாத்தப்ப மனுஷ டியூட்டருக்கு 0.79 ஸ்டாண்டர்ட் டீவியேஷன்தான் வந்துச்சு. அதுவும் பெரிய எண்தான் (0.8அ பெருசுன்னு எடுத்துக்கிறது வழக்கம்), ஆனா ரெண்டு இல்ல. ஆக ஒத்தப் பேப்பர்ல பிரமாதமான எண் பாத்தா உடனே அதே விஷயத்துக்கு மெட்டா அனாலிசிஸ், அதாவது பல ஆய்வோட எண்கள சேத்துப் பாத்த பேப்பர், இருக்கான்னு தேடுங்க.

சட்டத்துல பழசு புதுசுங்கிறதே வேற கணக்கு. 1900ல வந்த தீர்ப்பு இன்னிக்கும் செல்லலாம், போன வருஷம் வந்தது செல்லாம போயிருக்கலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 1976ல ஏடிஎம் (கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட்) ஜபல்பூர் வழக்குல எமர்ஜென்சி நேரத்துல ஹேபியஸ் கார்பஸ் (பிடிச்சு வச்ச ஆள கோர்ட்ல கொண்டுவரச் சொல்ற மனு) கேக்க முடியாதுன்னு சொல்லிச்சு, 2017ல புட்டசாமி வழக்குல 9 நீதிபதிகள் அமர்வு அது தப்புன்னு தூக்கிடுச்சு. அந்த அமர்வுல இருந்த நீதிபதி எச்.ஆர்.கன்னா 1976ல தனியா எழுதின மாறுபட்ட தீர்ப்புதான் கடைசில நின்னுச்சு. இப்ப நீங்க ஒரு பழைய ஆர்ட்டிகிள்லேர்ந்து 1976 தீர்ப்ப எடுத்து சைட் பண்ணீங்கன்னா யோசிச்சுப் பாருங்க. தீர்ப்ப எடுத்தா அதுக்கு மேல பிரிண்ட் ஆகியிருக்கிற ஹெட்நோட்ட மட்டும் படிச்சு நிறுத்தாதீங்க, அது பதிப்பாளர் போட்ட சுருக்கம், நீதிபதி எழுதினதில்ல. உள்ள போய் முடிவுக்கு எது காரணம், எது போற போக்குல சொன்னதுன்னு பிரிங்க, ரேஷியோ, ஒபிட்டர்னு சொல்வாங்களே அது, முதல்ல சொன்ன ரேஷியோதான் பின்னாடி வர்ற வழக்குகள கட்டுப்படுத்தும். சாட்ஜிபிடிய கேட்டு கேஸ் லிஸ்ட் வாங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், 2023ல நியூயார்க்ல அப்படி வாங்கி தாக்கல் பண்ண வக்கீல்களுக்கு 5000 டாலர் அபராதம் போட்டாங்க, இல்லாத கேஸ்களையெல்லாம் அது ஜோரா எழுதிக் குடுத்திருந்துச்சு.

விவசாய மார்க்கெட்டிங் பேப்பர்தான் எனக்கு ரொம்ப பிடிச்ச ஏரியா, ஏன்னா கணக்கு பாக்க சுலபமா இருக்கும் ஆனா ஒரே டேட்டாவ வச்சு மூணு பேர் மூணு பதில் சொல்லலாம், மூணும் பொய் இல்ல. தக்காளி கிலோ 50க்கு கடைசில வாங்குறவர் வாங்குறார், மார்க்கெட்ல விவசாயிக்கு கிலோவுக்கு 20 கிடைக்குதுன்னு வச்சுக்கோங்க. முதல் பேப்பர் 50ல 20, விவசாயி பங்கு 40 சதவீதம்னு எழுதும். ரெண்டாவது ஆள், மூட்டை, வண்டி வாடகை, கமிஷன்னு விவசாயி கைலேர்ந்து 4 போகுதே அத கழிக்கணும்பார், கைக்கு வர்றது 16, பங்கு 32 சதவீதம். மூணாவது ஆள், வழில 20 சதவீதம் அழுகிப்போகுது, வியாபாரி 1 கிலோ விக்கணும்னா ஒண்ணேகால் கிலோ வாங்கணும், அப்ப அவர் விவசாயிக்குக் குடுத்தது 25, பங்கு 50 சதவீதம்பார். சரி ரெண்டையும் சேத்துப் போட்டா? 16ஐ ஒண்ணேகாலால பெருக்கினா 20, மறுபடி 40லயே வந்து நிக்கும், ஆனா முதல் ஆளோட 40 வேற இந்த 40 வேற. நியூஸ்ல விவசாயிக்கு வெறும் இவ்வளவுதான்னு வர்ற எண்ணெல்லாம் இதுல எதுன்னு சொல்லாமயே வரும்.

அதனால இந்த மாதிரி பேப்பர்ல டேபிள பாக்கிறதுக்கு முன்னாடி விலை எங்க எடுத்ததுன்னு பாருங்க, வயல் விலையா மார்க்கெட் விலையா, ரெண்டு இடத்துலயும் ஒரே தரமா, ஒரே நாளா. தானியமா இருந்தா மாசக்கணக்குல குடோன்ல இருந்துட்டு விக்கும், அறுவடை நேர விலையையும் ஆறு மாசம் கழிச்சு வித்த விலையையும் நேரா கழிச்சா நடுவுல இருக்கிற வட்டியும் குடோன் வாடகையும் வியாபாரி லாபம்னே கணக்காகிடும். அப்புறம் சர்வே. விவசாயிங்களோட பிரச்சனைகள வரிசைப்படுத்தச் சொல்லி கேரட் (Garrett) ரேங்கிங், அதாவது குடுத்த வரிசைய மார்க்கா மாத்திக் கூட்டுற முறை, போட்டிருப்பாங்க, முதலிடம் விலை ஏற்ற இறக்கம்னு வரும். அந்த லிஸ்ட தயார் பண்ணது யாரு, ஆராய்ச்சி பண்ணவர்தான். லிஸ்ட்ல கடன்னு ஒண்ணு இல்லைன்னா கடன் முதலிடம் வர வழியே இல்ல. பின்னிணைப்புல கேள்வித்தாள் இருந்தா படிங்க, இல்லைன்னா அந்த ரேங்க்க பெருசா எடுத்துக்காதீங்க.

நல்ல பேப்பர் எப்படி இருக்கும்னு பாக்கணும்னா பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 2007ல எழுதினத தேடி எடுங்க, கேரளா மத்தி மீன் சந்தை பத்தி. 1997க்கும் 2001க்கும் நடுவுல அங்க மொபைல் போன் பகுதி பகுதியா வந்துச்சு, ஒரே நாள்ல எல்லா இடத்துலயும் வரல. வந்த இடத்தையும் இன்னும் வராத இடத்தையும் வாராவாரம் விலை எடுத்து ஒப்பிட்டார், போன் வந்த இடத்துல எல்லாம் சந்தைக்கு சந்தை விலை வித்தியாசம் சட்டுனு சுருங்கிச்சு, விக்காம வீணாப்போற மீன் கிட்டத்தட்ட இல்லாமயே போச்சு. மீன்தானேன்னு விட்டுடாதீங்க, ஒப்பிடுறதுக்கு ஆள எங்கேர்ந்து பிடிக்கிறதுங்கிறத அதுல கத்துக்கலாம், கல்விக்காரங்களும் படிக்கலாம்.

குறிப்பு எடுக்கிறப்ப பேப்பருக்கு நாலு வரி போதும். என்ன சொல்றாங்க, எது மேல நின்னு சொல்றாங்க, எந்த நிபந்தனைல சொல்றாங்க, எனக்கு எந்த பக்கம் வேணும். நாலாவதுல பக்க எண்ண போட்டுடுங்க, தீசிஸ் எழுதுறப்ப ராத்திரி 2 மணிக்கு அந்த ஒரு எண்ணுக்காக பிடிஎஃப் முழுக்க ஸ்க்ரோல் பண்ற கொடுமை இருக்கே. அவங்க எழுதினத அப்படியே எடுத்தா மேற்கோள் குறி போட்டே எழுதி வைங்க, இல்லைன்னா ஆறு மாசத்துல அது உங்க வாக்கியம்னு நீங்களே நம்பிடுவீங்க.

இதுக்கு மேலயும் புரியலன்னா ஆதருக்கு மெயில் போடுங்க, பேப்பர் முதல் பக்கத்துலயே ஐடி இருக்கும். உங்க பேப்பர் புரியல விளக்குங்கன்னு போட்டா பதில் வராது. மூணாவது டேபிள்ல விவசாயி பங்கு 40ன்னு இருக்கு, அது செலவு கழிச்சதா கழிக்காததான்னு ஒத்தக் கேள்வி போடுங்க, ரெண்டே வரில பதில் சொல்ற மாதிரி இருந்தா நிறைய பேர் சொல்றாங்க, சிலர் டேட்டா ஃபைலையே அனுப்பிடறாங்க.