சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரேயடியாக நின்றுவிட்ட காரைச் சரிசெய்வது எளிது. காலையில் ஒரே திருகலில் கிளம்பி, மதியம் கடை வாசலில் அசைய மறுத்து, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாதது போலக் கிளம்புகிற கார்தான் ஆளைச் சோதிக்கும். கார்பரேட்டர் காலத்து மாருதி 800, அம்பாசடர், பத்மினி போன்றவற்றை இன்னும் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய தொல்லை. பட்டறையில் இருபது முறை சாவியைத் திருகினால் இருபது முறையும் கிளம்பும்; மெக்கானிக் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். பழுது வெளிப்படாத நேரத்தில் சோதித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதே இதில் முதன்மையான தவறு. மற்ற தவறுகளில் பல இதிலிருந்து கிளைப்பவைதான்.

“ஸ்டார்ட் ஆகவில்லை” என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துவது அடுத்த தவறு. செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) சுற்றவே இல்லையா, அல்லது செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பற்றவில்லையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். முன்னது பேட்டரி, கேபிள், சாவி ஸ்விட்ச், சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்), செல்ஃப் மோட்டார் ஆகியவற்றுக்குள் அடங்கும். பின்னது பெரும்பாலும் தீப்பொறியையோ பெட்ரோலையோ சார்ந்தது. முன்னதிலும் சத்தத்தைக் கவனித்தால் பாதி வழி தெரிந்துவிடும். படபடவென்று தொடர்ந்து சத்தம் வந்தால் மின்னழுத்தம் போதவில்லை. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் சொலினாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போகவில்லை அல்லது மோட்டாரே சிக்கியிருக்கிறது. சத்தமே இல்லாவிட்டால் சாவியிலிருந்து சொலினாய்டு வரையுள்ள பாதையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேட்டரியை மீட்டரில் அளந்து 12.6 வோல்ட் காட்டியதும் அதற்கு நற்சான்று கொடுத்துவிடுகிறோம். சற்று முன்வரை ஓடிய காரின் பேட்டரி, உள்ளே வலுவில்லாமல் இருந்தாலும் அந்த அளவைக் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சிறிது நேரம் கழித்து அளப்பது ஓரளவு நம்பத்தக்கது. அதைவிட நம்பத்தக்கது செல்ஃப் சுற்றும்போதே அளப்பது: அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இறங்காவிட்டால் புது பேட்டரி வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைக்கலாம்.

செல்ஃப் சுற்றும்போது அளந்து பார்க்காததால் என் பழைய காருக்கு ஒரே வருடத்தில் தேவையில்லாத புது பேட்டரி ஒன்றை வாங்கியதோடு, செல்ஃப் மோட்டாரையும் கழற்றிக் கார்பன் (மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும், தேயக்கூடிய கட்டைகள்) மாற்றினேன். இரண்டுக்கும் பிறகும் தொல்லை தொடர்ந்தது. ஒருநாள் கார் ‘டக்’ என்ற சத்தத்தோடு கிளம்ப மறுத்த இடத்திலேயே பானெட்டைத் திறந்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு, மகனைச் சாவியைத் திருகச் சொன்னேன். அரை வோல்ட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 3 வோல்ட் காட்டியது. ஜம்பர் கேபிள் ஒன்றால் அந்த இரண்டு இடங்களையும் இணைத்ததும் செல்ஃப் விசையோடு சுற்றியது. பேட்டரியின் மைனஸை இன்ஜினோடு இணைக்கும் எர்த் கேபிளைக் கழற்றிப் பார்த்தால், மேலுறை பளபளப்பாக இருக்க, முனைக்கு அருகில் உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன.

இந்தக் கேபிளை முன்பே மீட்டரின் ஓம் (மின்தடை) அளவில் சோதித்திருந்தேன், சுழியத்தைத்தான் காட்டியது. அந்தச் சோதனையே இங்கே தவறு. ஓரிரு இழைகள் மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் சுழியத்தையே காட்டும், ஏனென்றால் அது செலுத்தும் மின்சாரம் மிகச் சிறியது. செல்ஃப் இழுப்பதோ 150 ஆம்பியர் அளவில், அப்போது 0.02 ஓம் தடையே 3 வோல்ட்டை விழுங்கிவிடும். டெர்மினலையும் அப்படித்தான் மேலே மட்டும் துடைத்துவிட்டு விட்டுவிடுகிறோம். கழற்றி, கம்பத்தையும் பிடிப்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் தேய்த்தால்தான் பயன் உண்டு. கழற்றும்போது மைனஸ் முதலில்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் செல்ஃப் சத்தமே இல்லாமல் இருந்தால், மோட்டார் போய்விட்டது என்று அவசரப்பட வேண்டாம். பல பழைய கார்களில் சொலினாய்டுக்கான மின்சாரம் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) இல்லாமல் நேரடியாகச் சாவி ஸ்விட்ச் வழியே போகிறது. ஸ்விட்சின் தொடுமுனை தேய்ந்திருக்க, சொலினாய்டின் செம்புச் சுருள் 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அதன் தடை ஏறத்தாழ கால் பங்கு கூடி இழுவிசை குறைந்துவிடும். ஆறியதும் மறுபடி வேலை செய்யும். நின்ற நேரத்தில் சாவியைத் திருகிப் பிடித்தபடி சொலினாய்டின் சிறிய ஒயரில் அளந்து, பேட்டரியைவிட 3 அல்லது 4 வோல்ட் குறைந்திருந்தால் அந்தப் பாதைதான் குற்றவாளி. ஒரு ரிலே பொருத்தினால் தீரும் வேலைக்குப் புது மோட்டார் வாங்கியவர்கள் உண்டு. மோட்டாரைச் சுத்தியலால் தட்டினால் சுற்றுகிறது என்றால் கார்பன் தேய்ந்திருக்கலாம் என்ற தடயம் கிடைக்கிறது. அதையே மாதக்கணக்கில் வைத்தியமாக்கிக்கொள்வது சரியல்ல.

செல்ஃப் சுற்றியும் பற்றாத காரில் நம் ஊர் வெயிலில் அடிக்கடி நடக்கும் தவறு, சூடான இன்ஜினுக்குச் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் பிடி) இழுப்பது. நிறுத்திய காரின் வெப்பத்தில் கார்பரேட்டரிலுள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வடிந்து, ஏற்கனவே மிகையாகிவிட்டிருக்கும். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்தபடி, மிதித்து மிதித்து விடாமல், பத்து விநாடிக்கு மேற்படாமல் செல்ஃப் அடிக்க வேண்டும். அப்போதும் பற்றாவிட்டால், டேஷ்போர்டில் வைத்திருக்கும் உதிரி பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜினில் பதியவைத்து, பெட்ரோல் கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு தீப்பொறியைப் பார்க்கலாம். சூட்டில் மட்டும் அறுந்துபோகும் இக்னிஷன் காயில் (தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் சுருள்), ஆறிய பிறகு எந்தச் சோதனையிலும் தேறிவிடும்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைப் பிடுங்கி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை (ஆல்டர்னேட்டரை) சோதிக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். எழும் மின்னழுத்தம் ஆல்டர்னேட்டரின் டயோடுகளை எரித்துவிடலாம். ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் அது வேலை செய்கிறது. இரவு நின்ற பிறகு மட்டும் தொல்லை என்றால், மைனஸ் ஒயரில் தொடராக மீட்டரை இணைத்துக் கசிவைப் பாருங்கள்: 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அரை ஆம்பியர் கசிந்தால் 35 ஆம்பியர் மணி பேட்டரி மூன்று நாளில் காலியாகும். மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்கக் கூடாது. முதலில் போவது மீட்டரின் ஃபியூஸ்.