ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் பதற்றத்தில் செய்யும் தவறுகள்

காலை எடுத்த பிறகும் எஞ்சின் உறுமல் குறையவில்லை, வண்டி இன்னும் வேகம் பிடிக்கிறது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 25 மீட்டர் ஓடும். என்ன ஆச்சு என்று யோசிக்கிற நாலு நொடியில் 100 மீட்டர் போய்விடும். சூளகிரிப் பக்கம் ரோடு நேராகக் கிடக்கிற இடத்தில் நடந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில், இரட்டைப் பாலத்தை ஒட்டி லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கையில் நடந்தால் அதுவும் கிடையாது. செய்யக் கூடாததை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பதுதான் அங்கே உதவும்.

எல்லோரும் முதலில் செய்வது குனிந்து பார்ப்பது. கையை விட்டு, பெடலில் சிக்கிய மேட்டை (காலடியில் போடும் விரிப்பை) இழுக்கப் பார்ப்பார்கள். தலை டேஷ்போர்டுக்குக் கீழே போன அந்த இரண்டு நொடியில் ரோட்டைப் பார்க்க ஆளில்லை. தோளோடு சேர்ந்து ஸ்டியரிங்கும் திரும்பிவிடும். பக்கத்து சீட்டில் இருப்பவரையும் குனியவிடாதீர்கள்.

அடுத்தது, பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பது. மிக ஆபத்தான தவறு இதுதான், காரணம் தெரிந்தால் மறக்காது. பிரேக் மிதிக்க லேசாக இருப்பது, மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டரால். பெட்ரோல் வண்டியில் அந்தப் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் எஞ்சின் காற்று இழுக்கும் பாதையிலிருந்து கிடைக்கிறது. ஆக்சிலேட்டர் முழுசாகத் திறந்து நின்றால் அந்த வெற்றிடம் கிட்டத்தட்ட இல்லாமலே போகும். பூஸ்டருக்குள் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் காணும். நீங்கள் காலை எடுத்து எடுத்து மிதித்தால் மூன்றாவது முறை பெடல் கல் மாதிரி இறுகிவிடும். டீசல் வண்டிக்குத் தனி வேக்யூம் பம்ப் இருப்பதால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் லேசாக மிதித்துக்கொண்டே போனால் டிஸ்க் சூடேறி, பிடிப்பு போவது எந்த வண்டிக்கும் பொது. ஆகவே ஒரே மிதி, முழு பலத்தோடு, தேவைப்பட்டால் இரண்டு காலாலும். வண்டி நிற்கும்வரை காலை எடுக்கவே கூடாது.

பிரேக்கை அமுக்கிய அதே மூச்சில் நியூட்ரல். கியர் வண்டி என்றால் கிளட்சை மிதித்தாலே சக்கரத்துக்குப் போகும் இழுவை அறுந்துவிடும், பிறகு கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் லிவரை டி-யிலிருந்து (டிரைவ்) என்-னுக்குத் (நியூட்ரல்) தள்ளப் பல வண்டிகளில் பொத்தான் அமுக்க வேண்டியதே இல்லை. உங்கள் வண்டியில் எப்படி என்று இன்றைக்கே வாசலில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர் (ரிவர்ஸ்), பி (பார்க்கிங்) பக்கம் போகாதீர்கள். நியூட்ரலுக்குப் போனதும் எஞ்சின் அலறும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து மறுபடி கியரில் போடுகிறவர்கள் உண்டு. இன்றைய எஞ்சின்களில் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் இருக்கிறது, வெடித்துவிடாது. பழைய கார்புரேட்டர் வண்டியில் எஞ்சின் கெட்டால் கெட்டுப்போகட்டும், ஆள் முக்கியம்.

இங்கே ஒரு முரண் தெரியும். கணவாயில் நியூட்ரலில் இறங்காதே என்று சொல்லிச் சொல்லிப் பழகிய ஊர் இது. அது சரியான பேச்சுதான். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிவிடும். ஆனால் ஆக்சிலேட்டர் சிக்கிய வண்டியில் எஞ்சின் பிடிப்பதில்லை, தள்ளுகிறது. அங்கே நியூட்ரல் போடுவது உருண்டு இறங்குவதற்கு இல்லை, அதே இடத்தில் நிறுத்துவதற்கு. நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்டைப் போட்டு, இடது ஓரம் ஒதுங்கி, நின்ற பிறகு எஞ்சினை அணையுங்கள்.

ஓடும்போதே சாவியைத் திருப்பலாமா? நியூட்ரல் விழாவிட்டால் மட்டும், அதுவும் ஏசிசி (எஞ்சின் அணைந்தும் ஸ்டியரிங் பூட்டாத சாவி நிலை) வரைக்கும், ஒரே படி. கடைசிவரை திருப்பிச் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் அணைந்தால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக் பூஸ்டரும் சீக்கிரம் தீர்ந்துவிடும். புஷ் பட்டன் வண்டியில் ஒரு தட்டுத் தட்டினால் ஓட்டத்தில் பெரும்பாலும் அணையாது. சுமார் 3 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சிலவற்றில் மூன்று முறை அடுத்தடுத்து அழுத்த வேண்டும். ஹேண்ட்பிரேக்கை வேகத்தில் சடாரென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுற்றும்.

இவ்வளவுக்கும் மூலம் பல நேரம் ஒரு மேட். 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ் இஎஸ் 350 கார் இப்படி ஓடி நான்கு பேர் இறந்தார்கள். வேறு மாடலுக்கான ரப்பர் மேட்டைப் போட்டிருந்தார்கள், அதில் பெடல் சிக்கியது. அந்தக் கார் ஒரு தட்டில் அணையாத புஷ் பட்டன் வண்டி. அதன்பின் டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு மேட் எச்சரிக்கை விட்டது. 2010 ஜனவரியில், பெடலே இறுகி மெதுவாகத் திரும்புகிறது என்று சுமார் 23 லட்சம் வண்டிகளைப் பழுதுபார்க்கத் திரும்ப அழைத்தது. எலக்ட்ரானிக்ஸ் கோளாறாக இருக்குமோ என்று நாசாவே ஆராய்ந்து பார்த்தது. 2011 அறிக்கையில் அப்படி எதுவும் அகப்படவில்லை.

நம் ஊரில் இது வாட்டர் வாஷில் ஆரம்பிக்கும். மேட்டை உருவிக் கழுவிக் காயப்போடுவார்கள். திரும்பப் போடும்போது தரையிலிருக்கும் கொக்கியில் மாட்டாமல் சும்மா விரித்துவிடுவார்கள். ஓட்டும்போது குதிகால் தள்ளத் தள்ள மேட் முன்னால் நகர்ந்து, மேல் ஓரம் சுருண்டு பெடலின் கீழ்முனையைப் பிடித்துக்கொள்ளும். கம்பெனி மேட்டின் மேல் இன்னொரு தடித்த மேட், மழைக்காலச் செம்மண் சேற்றுக்கு அதன் மேல் சாக்கு என்று அடுக்குவதும் அப்படித்தான். டிரைவர் பக்கம் ஒரே மேட் போதும். எஞ்சினை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டர் பெடலைத் தரைவரை அமுக்கி விடுங்கள். டக்கென்று திரும்ப வேண்டும், எங்கும் உரசக் கூடாது. சீட்டுக்கடியில் தண்ணீர் பாட்டில் போடாதீர்கள். அது உருண்டுவந்து பிரேக்குக்கு அடியில் நிற்கும், அப்போது மேலே சொன்ன எதுவும் நடக்காது.

ஆம்னி, மாருதி 800 மாதிரி கேபிள் வண்டி வைத்திருப்பவர்கள் கேபிளின் இரு நுனியையும் பார்க்க வேண்டும். ஒரு இழை பிரிந்திருந்தாலும் உறைக்குள் போய்ச் சிக்கும். எண்ணெய் விட்டு ஓட்டாதீர்கள், தூசியை இழுத்து இன்னும் இறுகும். கேபிளையே மாற்றுங்கள். கார்புரேட்டர் பக்க ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ரப்பர் பேண்ட் கட்டுவது வைத்தியம் ஆகாது. கேஸ் கிட் பொருத்திய பிறகு கேபிள் எங்காவது மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கேபிள் இல்லாத புது மாடல் பெடல் என்றால், எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியில் படியும் கரியைச் சர்வீசில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிரேக்கை மிதித்ததும் ஆக்சிலேட்டரைக் கண்டுகொள்ளாத வசதி அவற்றில் பலவற்றுக்கு உண்டு, உங்கள் மாடலில் உண்டா என்று கையேட்டில் இருக்கும்.

வண்டி நின்றதும் மேட்டை இழுத்துப் போட்டுவிட்டு மெக்கானிக் கடைவரை ஓட்டிப்போகலாம் என்ற நினைப்பு வரும். மேட்தான் காரணம் என்று கண்ணால் பார்த்து, பெடல் ஐந்தாறு முறை தடையில்லாமல் திரும்பினால் ஒழிய ஓட்டாதீர்கள். இறக்கமாக இருந்தால் ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கல், எல்லோரும் தடுப்புக்கு அந்தப் பக்கம். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.